கட்டுச்சோறு, கருவூலம், கோட்டைச் சாவி: அலெக்சாண்டர் பேரரசு கட்டிய முறை

மாசிடோனிய அரசர் அலெக்சாண்டர் பாரசீகப் பேரரசைத் தாக்க ஆசியக் கரையில் கால் வைத்தது கி.மு. 334-ல். பாபிலோனில் கண்மூடியது 323-ல். இந்தப் பதினோரு ஆண்டுகளில் பெரிய களப்போர்கள் என்று சொல்லத்தக்கவை நான்குதான்: கிரானிகஸ், இஸஸ், காகமேலா, ஜீலம். நான்கும் சேர்ந்து நான்கு நாள் வேலை. பாடப்புத்தகம் அந்த நான்கு நாளோடு நின்றுவிடுகிறது. பேரரசு எழுந்தது மற்ற நாட்களில். அடுத்த மாதத்துக்குத் தானியம் எங்கே, பிடித்த ஊரின் கோட்டைச் சாவி யாரிடம், வரிப்பணம் யார் கையில் என்ற மூன்று கேள்விகளுக்குச் சரியான பதில் இருந்தவரை அவர் முன்னேறினார். பதில் பிசகிய இடங்களில் ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். அந்த முறையை வேலை நடந்த வரிசையிலேயே பிரித்துப் பார்க்கலாம்.

முதலில் கருவி: அப்பா விட்டுச்சென்ற படை

கருவியைச் செய்தவர் இரண்டாம் பிலிப். கி.மு. 359-ல் அவர் ஆட்சிக்கு வந்தபோது மாசிடோனியா நாலாபுறமும் அடிவாங்கிய நாடு. இளமையில் தீப்ஸ் நகரில் பிணைக்கைதியாக இருந்தபோது அக்காலத்தின் சிறந்த காலாட்படையை அருகிலிருந்து பார்த்தவர் அவர். திரும்பி வந்து உழவர்களையும் ஆட்டிடையர்களையும் கூலி வாங்கும் முழுநேரப் படைவீரர்களாக்கினார். கிரேக்க நகரங்களின் படையில் பெரும்பகுதி அறுவடைக்கு வீடு திரும்ப வேண்டிய குடிமக்கள். பிலிப்பின் படைக்குப் பனிக்காலமும் போர்க்காலம்தான்.

கையில் கொடுத்த ஆயுதம் சரிசா என்ற நெட்டை ஈட்டி. நீளம் ஐந்து முதல் ஆறு மீட்டர், எடை சுமார் ஆறு கிலோ. இரண்டு கையாலும் பிடித்தால்தான் நிற்கும். அதனால் கேடயம் சுமார் அறுபது செ.மீ. அகலத்துக்குச் சுருங்கி, கழுத்துவாரில் தொங்கியது. முன்வரிசைக்காரனுக்கு முன்னால் பின்வரிசைகளின் ஈட்டி முனைகளும் நீண்டு நிற்கும். நேர் எதிரே வருபவன் முதல் ஆளை நெருங்குவதற்குள் பல முனைகளைத் தாண்டியாக வேண்டும்.

குறையும் இந்த அணியிலேயே உண்டு. மேடுபள்ளத்தில் நடந்தால் வரிசை பிளக்கும். பக்கவாட்டில் யாராவது புகுந்தால் ஆறு மீட்டர் ஈட்டியைத் திருப்ப நேரமிருக்காது. அதனால் சரிசா அணி தனியே வெல்லும் ஆயுதமாக இருக்கவில்லை. எதிரியை ஓரிடத்தில் பிடித்து நிறுத்துவது அதன் வேலை. அதன் வலப்பக்கத்தில் ஹைபாஸ்பிஸ்ட் என்ற லகுவான காலாட்படை, அதற்கும் அப்பால் ஆப்பு வடிவில் அணிவகுக்கும் ‘தோழர்’ குதிரைப்படை, முன்னால் அக்ரியானியர் என்ற வடக்கத்திய மலைக்குடியின் எறியீட்டிக்காரர்கள். இந்த நான்கும் ஒன்றுக்கொன்று காவல். ஒன்றைக் கழித்தாலும் மற்றது தடுமாறும்.

செலவுக்குப் பாங்கையோன் மலைச் சுரங்கங்கள் இருந்தன. ஆண்டுக்கு 1,000 டாலண்ட் வந்ததாகப் பழைய வரலாறு சொல்கிறது. ஒரு டாலண்ட் என்பது ஏறத்தாழ 26 கிலோ வெள்ளி.

கிளம்பும் முன் பின்கதவு

336-ல் பிலிப் கொலையுண்டபோது மகனுக்கு வயது இருபது. ஆசியாவுக்குப் போகும் முன் அவர் ஓராண்டுக்கு மேல் வடக்கிலும் தெற்கிலும் செலவழித்தார். டான்யூப் நதியைக் கடந்து அடித்தார். அவர் இறந்துவிட்டதாக வதந்தி பரவி தீப்ஸ் கிளர்ந்ததும், விரைந்து இறங்கி அந்த நகரத்தையே தரைமட்டமாக்கினார். 6,000 பேர் கொல்லப்பட்டார்கள், 30,000 பேர் அடிமைகளாக விற்கப்பட்டார்கள். மற்ற கிரேக்க நகரங்களின் வாயை அடைக்கத் திட்டமிட்டுச் செய்த கொடூரம் அது. அவருடைய முறையைப் படிக்கிற யாரும் இதை மறைத்துவிட்டுப் படிக்கக் கூடாது.

பிறகு அன்டிபேட்டர் என்ற மூத்த தளபதியிடம் 12,000 காலாட்களையும் 1,500 குதிரைவீரர்களையும் ஒப்படைத்து, ஊர்க்காவலுக்கு விட்டுவிட்டுத்தான் கடல் கடந்தார். கூட வந்தது சுமார் 32,000 காலாட்படையும் 5,000 குதிரைப்படையும். கிரேக்க நகரங்களின் வீரர்கள் இதில் ஏழாயிரம் பேர். பெயருக்கு நேசப்படை, உள்ளபடி அந்த நகரங்கள் வாலாட்டாமல் இருக்கப் பிணை.

கட்டுச்சோறு எத்தனை நாளைக்கு வரும்?

இந்தப் பகுதியை நிதானமாகப் பாருங்கள். நடந்துகொண்டே போர் செய்யும் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1.4 கிலோ தானியம் வேண்டும். குதிரைக்கு 4.5 கிலோ தானியம், அதே அளவு தீவனம், முப்பது லிட்டர் தண்ணீர். 40,000 ஆள், 5,000 குதிரை என்று வைத்துக்கொண்டால் தானியம் மட்டும் நாளொன்றுக்கு 78 டன். ஒரு பொதிகழுதை சுமார் 100 கிலோ சுமக்கும். ஒரு நாள் சாப்பாட்டுக்கு 780 கழுதை, பத்து நாளுக்கு 7,800 கழுதை. அந்தக் கழுதைகளும் தின்னும். அவை தின்பதைச் சுமக்க இன்னும் கழுதை, அவற்றுக்கும் தீனி. கணக்கு ஓரளவுக்கு மேல் போனால் சுமப்பதெல்லாம் சுமப்பவற்றின் வயிற்றுக்கே சரியாகிவிடும். ஆக, எத்தனை கழுதை சேர்த்தாலும் வெறும் நிலத்தில் ஒரு பெரும்படை சில நாட்களுக்கு மேல் தாங்காது.

இதற்கு மாசிடோனியர்கள் கடைப்பிடித்த வழிகள் ஐந்து.

பிலிப் காலத்திலேயே வண்டிகளுக்குத் தடை விழுந்தது. வண்டி மெதுவாகப் போகும், மலைவழியில் முறியும். பத்துக் காலாட்களுக்கு ஒரு வேலையாள் மட்டும் உண்டு. அவன் மாவு அரைக்கும் கல்லையும் கயிறுகளையும் சுமப்பான். முப்பது நாள் மாவை வீரன் தன் தோளில் சுமப்பான்.

இரண்டாவது, தானியம் கப்பலில் வந்து சேரும்படி கடற்கரையையோ ஆற்றையோ விட்டு விலகாமல் நடப்பது. 

மூன்றாவது, அறுவடையை அறிந்து புறப்படுவது. 331 கோடையில் யூப்ரடீஸைக் கடந்தபின் பாபிலோனுக்கு நேர்வழி ஆற்றோரம் தெற்கே போகிறது. அவர் அதை விட்டு வடக்கே மலையடிவாரமாகச் சுற்றிப்போனார். அங்கே குதிரைக்குப் பச்சைத் தீவனம் கிடைக்கும், வெயிலும் குறைவு.

நான்காவது, வரப்போகும் ஊரை முன்கூட்டியே பணியவைப்பது. பணிந்த ஊர் படை வருவதற்குள் தானியத்தைச் சேர்த்து வைக்கும். ஊர்கள் சாவியைக் கொண்டுவந்து கொடுத்த காட்சிகளை வீரத்துக்குக் கிடைத்த மரியாதையாக மட்டும் பார்க்கிறோம். படையின் அடுத்த வாரச் சோறு அந்தச் சாவியில் இருந்தது.

ஐந்தாவது, வறண்ட நிலம் வந்தால் படையைப் பிரித்துப் பிரித்து அனுப்புவது.

கடல் கடந்த அன்று கைவசம் இருந்தது முப்பது நாள் உணவும் 70 டாலண்ட் பணமும்தான் என்று பழைய குறிப்புகள் சொல்கின்றன. 200 டாலண்ட் கடன் வேறு. பாரசீகர்களிடம் வேலை பார்த்த ரோட்ஸ் தீவுக்காரர் மெம்னன் இந்த நிலைமையைச் சரியாகப் படித்தார். போர் வேண்டாம், பயிரையும் ஊரையும் கொளுத்திவிட்டுப் பின்வாங்குங்கள், அவன் பட்டினியில் திரும்புவான் என்றார். என் ஆட்களின் ஒரு வீடுகூட எரியக் கூடாது என்று அப்பகுதியின் ஆளுநர் அர்சீட்டஸ் மறுத்துவிட்டார். கிரானிகஸ் ஆற்றங்கரையில் போர் நடந்தது, அலெக்சாண்டர் பிழைத்தார். இந்தப் படையெடுப்பின் மிக ஆபத்தான கட்டம் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால், காகமேலாவை விட்டுவிட்டு இந்த ஆலோசனைக் கூட்டத்தைத்தான் காட்ட வேண்டும்.

கடற்படையைக் கரையிலிருந்து பிடிப்பது

அவரிடம் 160 கப்பல், பாரசீகரிடம் 400. மூன்றடுக்குத் துடுப்புக் கப்பல் ஒன்றில் துடுப்பு போடுவோர் மட்டும் 170 பேர், மற்றவர்களையும் சேர்த்தால் இருநூறு. 160 கப்பலுக்கு 32,000 வாய்; காலாட்படைக்கு ஆகும் செலவு இன்னொரு தடவை. அதனால் மிலீட்டஸ் துறைமுகத்தைப் பிடித்ததும் தன் கடற்படையையே கலைத்தார். அந்தக் கப்பல்களில் தண்ணீருக்கும் சோற்றுக்கும் இடம் கிடையாது. அநேகமாக இரவுதோறும் கரை ஒதுங்க வேண்டும். கரைத் துறைமுகங்கள் எல்லாம் கைமாறினால் கடலில் மிதப்பவன் தானாக வருவான் என்பது கணக்கு.

கணக்கு சரி, ஆனால் மெதுவானது. இடைப்பட்ட காலத்தில் மெம்னன் கியோஸ், லெஸ்போஸ் தீவுகளைப் பிடித்துக் கிரேக்கத்தின் வாசலுக்கே போய்விட்டார். 333-ல் அவர் நோயில் இறக்காமல் இருந்திருந்தால் கதை வேறு. அலெக்சாண்டரும் கலைத்த கடற்படையை மறுபடி திரட்ட வேண்டியதாயிற்று.

இந்த வேலையின் உச்சம் டயர் நகரம். கரையிலிருந்து சுமார் 800 மீட்டர் தள்ளி, மதில் சூழ்ந்த தீவு. 332-ல் அவர் செய்தது கடலுக்குள் ஒரு சாலை போட்டது. கரையில் இருந்த பழைய டயர் ஊரை இடித்துக் கல், லெபனான் மலையிலிருந்து மரம். கரையோரம் ஆழமில்லை, அடியில் சேறு. மரக்கம்பங்கள் நன்றாக இறங்கின. தீவை நெருங்க ஆழம் ஐந்து மீட்டரைத் தாண்டியது, மதிலிலிருந்து அம்பும் வந்தது. சாலையின் முனையில் இரண்டு மரக்கோபுரங்களை எழுப்பித் தோல் போர்த்தினார்கள்.

டயர்க்காரர்கள் பதில் தயாரித்தார்கள். குதிரை ஏற்றும் அகன்ற கப்பல் ஒன்றில் காய்ந்த சுள்ளி, கீல், கந்தகம் நிரப்பினார்கள். பின்பகுதியில் பாரம் ஏற்றி மூக்கைத் தூக்கி நிறுத்தினார்கள். அப்போதுதான் அது சாலைமேல் ஏறி உட்காரும். பாய்மரக் குறுக்குக் கட்டைகளில் எரிபொருள் நிறைந்த கொப்பரைகளைத் தொங்கவிட்டார்கள். காற்று சாலைப்பக்கம் அடித்த நாளில் இழுத்துவந்து கொளுத்தினார்கள். கட்டை எரிந்து முறிந்ததும் கொப்பரைகள் கவிழ்ந்தன. கோபுரங்களும் பல வார உழைப்பும் போயின.

தப்பு எங்கே என்று பார்த்தால் இரண்டு. சாலை குறுகல், முனையில் இரண்டே கோபுரம். கடலைக் காக்கக் கப்பலும் இல்லை. இரண்டையும் திருத்தினார். சாலையை அகலப்படுத்தினார். சீடோனுக்குப் போய், ஏற்கெனவே பணிந்த பினீசிய நகரங்களின் சுமார் 80 கப்பல்களையும் சைப்ரஸின் 120 கப்பல்களையும் சேர்த்தார். கரையைப் பிடித்தால் கப்பல் வரும் என்ற கணக்கு இங்கே பலித்தது. கப்பல்களில் தகர்ப்புப் பொறி ஏற்றி மதிலடியில் நிறுத்தினால், டயரின் முக்குளிப்பவர்கள் நங்கூரக் கயிற்றை அறுத்தார்கள். கயிறு சங்கிலி ஆயிற்று. ஏழாம் மாதம் மதில் உடைந்தது. 8,000 பேர் வெட்டப்பட்டார்கள், 30,000 பேர் விற்கப்பட்டார்கள். அந்தச் சாலையோரம் மணல் சேர்ந்து சேர்ந்து, டயர் இன்று தீவாக இல்லை, கரையோடு ஒட்டிய தீபகற்பம்.

போர்க்களமும் ஆற்றுக்கடப்பும்

போர்முறை ஏறக்குறைய ஒன்றேதான்: இடப்பக்கத்தில் தளபதி பார்மீனியன் தாங்கிப் பிடிப்பார், வலப்பக்கம் எதிரியை இழுத்து இடைவெளி உண்டாக்கும், அந்த இடைவெளியில் அரசரே ஆப்பாகப் பாய்ந்து எதிர் அரசரை நோக்கிப் போவார். காகமேலாவில் 331 அக்டோபர் 1 அன்று இது பலித்தது, ஆனால் நூலிழையில். அவர் பாய்ந்த வேகத்தில் தன் அணியிலேயே இடைவெளி விழுந்து, எதிரிக் குதிரைகள் மூட்டை முடிச்சு இருந்த இடம்வரை புகுந்துவிட்டன. அரசரே முன்னால் பாயும் முறையின் விலை கிரானிகஸிலேயே தெரிந்தது; அவர் தலைக்கு ஓங்கிய கையை அவருடைய படைத்தலைவர் கிளீட்டஸ் வெட்டியிராவிட்டால் பேரரசு ஆற்றங்கரையோடு முடிந்திருக்கும்.

ஆறு கடப்பதில் அவர் கைதேர்ந்தவர். டான்யூபில் கூடாரத் தோல்களில் வைக்கோல் திணித்துத் தைத்து மிதவை செய்தார். ஆறு ஆண்டுகள் கழித்து மத்திய ஆசியாவின் ஆக்சஸ் நதியில் படகுகளைப் பாரசீக ஆளுநர் பெஸ்ஸஸ் எரித்துவிட்டுப் போயிருந்தபோதும் அதே வழிதான். ஆற்றடி மணல் கம்பத்தைப் பிடிக்காததால் பாலம் கட்ட முடியவில்லை. ஐந்து நாளில் படை முழுதும் அக்கரை.

326-ல் ஜீலத்தின் அக்கரையில் போரஸ் யானைகளோடு காத்திருந்தார். அலெக்சாண்டர் இரவுக்கிரவு குதிரைகளைக் கரையோரம் ஓடவிட்டு, போர்முழக்கம் எழுப்பி, ஒன்றும் செய்யாமல் திரும்பினார். போரஸின் படை ஒவ்வொரு முறையும் எழுந்து வந்து ஓய்ந்து, கடைசியில் வருவதை நிறுத்தியது. பிறகு தீமூட்டிய முகாமில் தளபதி கிரேட்டரஸை விட்டுவிட்டு, ஏறத்தாழ 27 கி.மீ. மேலே, இடிமழை இரவில் கடந்தார். சிந்து நதியில் செய்த படகுகளைத் துண்டுகளாக்கி வண்டியில் கொண்டுவந்து அங்கே பூட்டியிருந்தார்கள். அப்படியும் ஒரு பிசகு: இறங்கிய இடம் கரை அல்ல, இன்னொரு தீவு. மழையில் பெருகிய அடுத்த கால்வாயை மார்பளவு நீரில் நடந்தே தாண்டினார்கள்.

சாவியை மூன்று கையில் பிரிப்பது

பிடிப்பது ஒரு வேலை, வைத்திருப்பது வேறு வேலை. இதில் அவர் முறை ஆரம்பத்திலிருந்தே தெளிவு. 334-ல் லிடியா மாகாணத்தின் தலைநகர் சார்டிஸ் பணிந்ததும் மாகாணத்தை ஆள ஒருவர், கோட்டைக் காவலுக்கு ஒருவர், வரி வாங்க ஒருவர் என்று மூன்றாகப் பிரித்தார். 331-ல் பாபிலோனில் இந்த முறை முழு வடிவம் பெற்றது. காகமேலாவில் தன்னை எதிர்த்துப் போரிட்ட பாரசீகத் தளபதி மசாயஸையே ஆளுநர் ஆக்கினார். ஆனால் படை அப்போலோடோரஸிடம், வரி அஸ்கிளெபியோடோரஸிடம். ஊர் வழக்கம் தெரிந்தவர் ஆள்வார், கிளர்ச்சி செய்யப் படையும் பணமும் அவரிடம் இருக்காது.

அதற்கு முன்பே எகிப்தில், அதன் செல்வத்தைப் பார்த்து இன்னும் எச்சரிக்கையாக இருந்தார். நிர்வாகம் எகிப்தியரிடம், மெம்பிஸுக்கும் பெலூசியத்துக்கும் தனித்தனிக் காவல் தளபதிகள், வரிப்பொறுப்பு நௌக்ரட்டிஸ்காரர் கிளியோமெனீஸிடம்.

இதோடு சேர்த்துச் செய்தவை: முதல் மாகாணத்திலேயே பாரசீக அரசர் டேரியஸுக்குக் கட்டிய அதே வரி போதும் என்றார். மெம்பிஸில் எகிப்தியர் வணங்கிய ஏபிஸ் காளைக்குப் பலி கொடுத்தார். ஆசியா மைனரின் காரியாவில் ஆடா என்ற அரசியை ஆட்சியில் அமர்த்தி, அவர் தன்னை மகனாகத் தத்தெடுக்கச் சம்மதித்தார். டேரியஸைச் சொந்த ஆட்களே கொன்றபோது, அரச மரியாதையோடு அடக்கம் செய்யச் சொல்லி, கொலைகாரன் பெஸ்ஸஸைத் துரத்தினார். பாரசீக அரியணையின் வாரிசாகத் தன்னைக் காட்டிக்கொண்ட வழி அது.

பணத்தட்டுப்பாடு பாரசீகத் தலைநகரங்களான சூசாவிலும் பெர்சிபோலிஸிலும் தீர்ந்தது. முன்னதில் சுமார் 50,000 டாலண்ட், பின்னதில் 120,000 என்று கணக்கு சொல்கிறார்கள். கட்டியாக அடைந்து கிடந்த வெள்ளி, ஹெராக்ளிஸ் தலை பொறித்த சுமார் 17 கிராம் நாணயங்களாக வெளியே வந்து கூலியாக ஓடியது. பெர்சிபோலிஸ் அரண்மனையை 330-ல் எரித்தது பெரிய தவறு. வாரிசு என்று சொல்லிக்கொள்பவர் வீட்டைக் கொளுத்தலாமா?

முறை தோற்ற இடங்கள்

பாக்திரியா, சோக்டியானாவில் (இன்றைய ஆப்கானிஸ்தானின் வடபகுதியும் அதற்கு வடக்கேயும்) தலைநகரம் என்று பிடிக்க ஒன்றுமில்லை. உள்ளூர்த் தலைவர் ஸ்பிடமெனீஸ் அடித்துவிட்டுப் புல்வெளிக்குள் மறைந்தார். பொலிடிமெட்டஸ் ஆற்றங்கரையில் ஒரு மாசிடோனியப் படைப்பிரிவே அழிந்தது. படையைச் சிறு பிரிவுகளாக்கி, கோட்டைகள் எழுப்பி, உள்ளூர்க் குதிரைவீரர்களைச் சேர்த்து, 327-ல் உள்ளூர்ப் பிரபு ஒருவரின் மகள் ரொக்ஸானாவை மணந்து, இரண்டாண்டுகளுக்கு மேல் எடுத்துத்தான் அடக்க முடிந்தது. அங்கே குடியேற்றப்பட்ட கிரேக்கர்கள் விரும்பி இருக்கவில்லை. அவர் இறந்த செய்தி கேட்டதும் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஊர் திரும்பக் கிளம்பினார்கள்.

பியாஸ் நதியில் படை நின்றுவிட்டது. எட்டு ஆண்டு நடை, விடாத மழை, எதிரே இன்னும் பெரிய யானைப்படை என்ற பேச்சு. தளபதி கொய்னஸ் எல்லோர் சார்பிலும் பேசினார். அவர் கேட்டுத் திரும்பியது சரி.

திரும்பிய வழிதான் தவறு. 325-ல் கெட்ரோசியப் பாலைவனம், இன்றைய பாகிஸ்தான்-ஈரான் கரையோரம். படை கரையோரம் கிணறு தோண்டித் தானியம் வைக்க, கடற்படைத் தலைவர் நியார்க்கஸின் கப்பல்கள் பின்னால் வர வேண்டும் என்பது திட்டம். பருவக்காற்று கப்பல்களைத் தடுத்துவிட்டது. கப்பலுக்கென்று முத்திரையிட்டு அனுப்பிய தானியத்தைக் காவலர்களே உடைத்துத் தின்றார்கள். வறண்ட ஓடையில் தங்கியிருந்தபோது எங்கோ பெய்த மழை வெள்ளமாக வந்து, கூட வந்த பெண்களையும் குழந்தைகளையும் பெரும்பாலும் அடித்துச் சென்றது. தாகத்தில் வந்தவர்கள் ஒரேயடியாகக் குடித்துச் செத்ததால், தண்ணீரிலிருந்து மூன்று கி.மீ.க்கு மேல் தள்ளி முகாம் போட வேண்டியிருந்தது. இப்படி அறுபது நாள். ஐந்து வழிகளும் தெரிந்த மனிதர் எல்லாவற்றையும் ஒரே திட்டத்தில், வராத கப்பலை நம்பிப் பணயம் வைத்தார்.

வாரிசை ஏற்பாடு செய்யாதது அதைவிடப் பெரிய ஓட்டை. 323 ஜூனில், 32 வயதில் இறந்தபோது ரொக்ஸானா கர்ப்பிணி. தளபதிகள் பாபிலோனில் கூடி மாகாணங்களைப் பங்கிட்டார்கள். பத்தாண்டுகளாக மூன்று கையில் இருந்த சாவிகள் அன்று ஒவ்வொரு மாகாணத்திலும் ஒரே கையில் சேர்ந்தன. எகிப்தைப் பெற்ற டாலமி அங்கே போய்க் கருவூலத்தில் 8,000 டாலண்டைக் கண்டார். அந்தப் பணத்தில் கூலிப்படை திரட்டினார். வரிப்பொறுப்பில் இருந்த கிளியோமெனீஸைக் கொன்றார். அவருடைய வம்சம் எகிப்தைக் கி.மு. 30 வரை ஆண்டது.